எலிகள் காணாத வெயில்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மனிதர்களைவிட மருந்துகளுக்குத்தான் உறவுமுறை அதிகம். என் வீட்டுக்காரர் ஒரு மருந்து நிறுவனத்தில் வேதியியலாளர். அவருடைய அக்கா, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார், அதே நிறுவனத்தின் விலங்குக்கூடத்தில் கால்நடை மருத்துவர். நான் அங்கேயே கொள்முதல் பிரிவில் இருந்தேன். தம்பிக்கு வேண்டிய கண்ணாடிக் குடுவையிலிருந்து அக்காவின் எலிகளுக்கு வேண்டிய தீவனம் வரைக்கும் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். இலை போட்டதிலிருந்து கை கழுவும்வரை அக்காவும் தம்பியும் குடும்பக் கதைதான் பேசுவார்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி அல்ல, குயினோலோன் என்ற மருந்துக் குடும்பத்தைப் பற்றி. எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

அந்தக் குடும்பத்தின் தாத்தா பிறந்ததே ஒரு விபத்து. மலேரியாவுக்கு மருந்து செய்யப்போன இடத்தில் ஓரமாக வந்து விழுந்த ஒரு பொருள் பாக்டீரியாவைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் தாத்தா சிறுநீர்ப் பாதையை விட்டு வெளியே வரமாட்டார். உடம்பின் மற்ற இடங்களில் கிருமி என்ன ஆட்டம் போட்டாலும் எனக்கென்ன என்று இருப்பார். பிறகு அணுக்கள் கோத்த அவருடைய வளையத்தில் ஆறாவது இடத்தில் ஒரு ஃப்ளோரின் அணுவை மாட்டி, ஏழாவது இடத்தில் இன்னொரு குட்டி வளையத்தைச் சேர்த்தார்கள். பிறந்தார் அப்பா. அப்பா எலும்புக்குள் போனார், குடலுக்குள் போனார், போகாத இடமில்லை. அவருக்குப் பின்னால் வந்த சித்தப்பா நுரையீரலையும் ஒரு கை பார்த்தார்.

மூவருக்கும் தொழில் ஒன்றுதான். பாக்டீரியாவின் மரபு இழை நூல்கண்டுபோல முறுக்கேறிக் கிடக்கும். முறுக்கைப் பிரிப்பதற்காக ஒரு நொதி அந்த இழையை வெட்டும், பிரிக்கும், மறுபடி ஒட்டும். வெட்டியதும் ஒட்டவிடாமல் அந்த நொதியைப் பிடித்துக்கொள்வதுதான் இவர்கள் வேலை. கிருமி அத்தோடு காலி. குணங்களும் பரம்பரைதான். பாலோடு விழுங்கினால் பாதி மருந்து உடம்பில் சேராது. ஒருவர் குதிகால் நாரில் கை வைப்பார், ஒருவர் இதயத் துடிப்பில் விளையாடுவார். ஒவ்வொரு தலைமுறைக்கும் பலம் கூடும்போது ஒரு வில்லங்கமும் கூடவே வரும் என்று அண்ணி சொல்லுவார்.

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. தும்மினால் அப்பா, இருமினால் அப்பா என்று ஜனங்கள் விழுங்கித் தள்ளினார்கள். அதனால் கிருமிக்கு அப்பாவிடம் இருந்த பயம் விட்டுப்போனது. சித்தப்பாவையும் அது மதிக்காமல் போகத் தொடங்கியபோதுதான் என் வீட்டுக்காரர் வளையத்தின் எட்டாவது இடத்தில் கை வைத்தார். அங்கே ஒரு குளோரின் அணுவைக் கொண்டுபோய் உட்காரவைத்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அடங்காத கிருமிகள் எல்லாம் அதன்முன் ஒரே ராத்திரியில் செத்துக் கிடந்தன. ஆய்வகத்தில் எல்லாரும் அதைத் தாங்கு தாங்கென்று தாங்கியதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது.

"மாப்பிள்ளைன்னா வெளியிலேர்ந்து வர்றவன்டா. இவன் நீ பெத்த பிள்ளை" என்றார் அண்ணி.

"பெத்த பிள்ளையை யாருக்கா இப்படி உபசரிப்பா?" என்றார் இவர். வாய் காதுவரை போயிருந்தது. எங்கள் கல்யாணத்தில்கூட அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

பிறந்த பிள்ளை அத்தையிடம் பரீட்சைக்குப் போனது. அண்ணியின் விலங்குக்கூடம் எங்கள் வளாகத்தின் பின்கோடியில் இருந்தது. ஜன்னலே கிடையாது. எலிகள் இருந்த அறைக்குள் போனால் கண் பழகவே கொஞ்ச நேரம் ஆகும். அவ்வளவு மங்கலான விளக்கு. வெள்ளை எலிகளின் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது, பளிச்சென்ற விளக்கில் நாள்கணக்காக வைத்தால் பார்வையே போய்விடும். அதனால் பழைய விளக்குகளை எல்லாம் கழற்றச் சொல்லி மங்கல் விளக்குகளை என்னைக்கொண்டு வாங்கவைத்தவர் அண்ணிதான். தெரியாமல் யாராவது பெரிய விளக்கைப் போட்டால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஒரு தடவை மேலாளரே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த அறையில் மாப்பிள்ளை எல்லாப் பரீட்சையிலும் தேறினான். ஈரலைப் பார்த்தார்கள், சிறுநீரகத்தைப் பார்த்தார்கள், இதயத்தையும் மூட்டையும் பார்த்தார்கள். தம்பி மருந்து என்று அண்ணி தயவு காட்டவில்லை, இன்னும் கொஞ்சம் அதிகமாகவே துருவினார். எங்கும் குறையில்லை. அதன்பிறகு ஆரோக்கியமான சில தன்னார்வலர்களை ஒரு வார்டில் வைத்து, டிவியும் சீட்டுக்கட்டும் கொடுத்து, மாத்திரை விழுங்கவைத்து இரத்தம் எடுத்தார்கள். அவர்களும் தின்று தூங்கி ஒரு சுற்றுப் பெருத்து வீட்டுக்குப் போனார்கள். அடுத்து உண்மையான நோயாளிகள். மற்ற மருந்துகளுக்கு மசியாத நுரையீரல் கிருமி உள்ளவர்களாகப் பார்த்துக் கொஞ்சம் பேருக்கு மட்டும் கொடுத்தார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அதில் ஒருவர் பேருந்து ஓட்டுநர். ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்த மனிதர், மீதி மாத்திரையைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். தேறிவிட்டோம் என்ற தைரியத்தில் உடனே வேலைக்கும் போய்விட்டார்.

முதலில் வந்த செய்தி அவரைப் பற்றியது அல்ல. அதே மாத்திரையோடு வீட்டுக்குப் போன சாலை போடும் தொழிலாளி ஒருவருக்கு முகமும் கையும் வெந்துபோயிருந்தது. தார் பட்டிருக்கும் என்றார் மருத்துவமனை டாக்டர். தார்ச்சட்டியோடு வேலை செய்பவருக்கு வேறென்ன படும்? கேட்ட எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது, அண்ணி உட்பட. பிறகு இந்த ஓட்டுநருக்கும் கை வெந்தது. எஞ்சின் சூடாக இருக்கும் என்றார் அதே டாக்டர். அண்ணிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஆளைப் பார்க்கவேண்டும் என்றார். அண்ணிக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் நானும் அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது.

ஓட்டுநர் வீடு ஒரு மாடிப்படியின் அடியில் ஒட்டவைத்த ஒற்றை அறை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், வாயைத் திறந்தால் வம்பு.

"வாங்க டாக்டரம்மா."

"நான் மாட்டு டாக்டருங்க. பயப்படாதீங்க, ஊசியெல்லாம் போடமாட்டேன்."

"அப்ப சரியான ஆள்தான் வந்திருக்கீங்க. என் சம்சாரம் என்னை எருமைன்னுதான் கூப்பிடுது."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "கூப்பிடற மாதிரிதானே நடந்துக்கறீங்க" என்று குரல் கொடுத்தார்.

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். விரலிலிருந்து அரைக்கைச் சட்டை முடிகிற இடம்வரை தோல் சிவந்து கொப்புளித்துக் கிடந்தது. சட்டை தொடங்கிய இடத்தில் கோடு போட்டதுபோல் புண் நின்றுவிட்டது. கடிகாரம் கட்டியிருந்த இடத்தில் மட்டும் தோல் பழையபடியே இருந்தது. மற்றக் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"ரெண்டும் என் கைதான். ஒண்ணு மட்டும் கோவிச்சுக்கிச்சு" என்றார் ஓட்டுநர்.

"வண்டியில ஜன்னல் எந்தப் பக்கம்?"

வெந்த கையைத் தூக்கிக் காட்டினார். "இதை ஜன்னல்ல வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவேன். டிப்போவுல கூடாதுன்னுதான் சொல்றாங்க. பழகிப்போச்சு. அதை எழுதிடாதீங்கம்மா."

அண்ணி எதையும் எழுதவில்லை. திரும்பி வரும் வழியில் சிக்னலில் நின்றபோது என் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எஞ்சின் சூடுன்னா காலு வெந்திருக்கணும். தார்னா தெறிச்ச இடத்துல பொட்டு பொட்டா இருந்திருக்கணும். இது வெயில்."

"வெயில் எல்லார் மேலயும்தானே அண்ணி அடிக்குது?"

"எல்லாரும் மாப்பிள்ளையை முழுங்கலையே." பச்சை விழுந்தது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். "என் எலிங்க வெயிலையே பாத்ததில்ல. ஆஸ்பத்திரில படுத்திருந்தவங்களும் பாக்கல."

மறுநாள் காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வழக்கமாக ஆளை அனுப்புகிறவர்.

"எனக்கு வெயில் வாங்கிக் குடு."

சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிரைத் தரும் விளக்கு ஒன்று உண்டு. அதைத்தான் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தினமும் மாலையில் மாப்பிள்ளை புராணம் பாடிக்கொண்டு வீட்டுக்குள் வருகிற மனிதரிடம் எதை எடுத்துச் சொல்வது? அண்ணி தப்பாகவே இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

சோதனை எளிமையானது. சில எலிகளுக்கு மாப்பிள்ளையைக் கொடுத்து விளக்கின் கீழ் வைத்தார். சிலவற்றுக்குக் கொடுத்து இருட்டிலேயே விட்டார். சிலவற்றுக்கு ஒன்றும் கொடுக்காமல் விளக்கில் வைத்தார். எலிகளின் கண்ணை மறைக்கத் தனியாக ஒரு தடுப்பும் செய்துகொண்டார். இருட்டில் இருந்தவற்றுக்கும் மருந்து தின்னாதவற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மருந்தும் தின்று வெளிச்சமும் கண்ட எலிகளின் காதுகள் சிவந்து தடித்தன. மறுநாள் சில காதுகளின் ஓரம் கருகியிருந்தது. எட்டாவது இடத்தில் இருந்த குளோரின்தான் காரணம். வெளிச்சம் பட்டால் அந்த இடம் பிய்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் தோலைத் தாக்குகிறது.

"கண்ணு போயிடக்கூடாதுன்னு பாத்துப் பாத்து வெச்சேன்" என்றார் அண்ணி என்னிடம். "தோலைப் பத்தி யோசிக்கவே இல்ல." கண் கலங்கியிருந்தது. அண்ணி அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர்மேல் இருந்த பயம் அன்றோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் அண்ணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இவர் முதலில் சிரித்தார். பிறகு புகைப்படங்களைப் பார்த்தார். பிறகு கோபப்பட்டார்.

"எலிக் காதும் மனுஷன் கையும் ஒண்ணாக்கா?"

"ஓட்டுநர் கை மனுஷன் கைதானேடா."

"சரி, வெயில்ல போகாதேன்னு அட்டைப்பெட்டியில எழுதிடுவோம். எத்தனை மருந்துல எத்தனை எச்சரிக்கை இருக்கு! இது யாருக்கு? மூச்சு விட முடியாம கிடக்கிறவங்களுக்கு. அவங்க கூரைக்குக் கீழதான் இருக்காங்க."

"எழுந்து நடந்தப்புறம்? வெயில்ல வேலை செய்யறவன் வெயில்ல போகாம எங்க போவான்? இன்னிக்குத் தோலு. நாளைக்கு அந்தத் தோலு என்னவா மாறும்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது."

"எட்டாவது இடத்துல வேற ஒண்ணை வெச்சு மறுபடி ஆரம்பிக்கச் சொல்றியா? முதல்லேர்ந்தா? அதுக்குள்ள எத்தனை பேர் சாவாங்க, அதைச் சொல்லு."

இரண்டு பேரும் சொன்னது சரி என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணி கை கழுவிவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினார்.

நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுக்கும் அடுத்த கட்டத்தைத் தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நிர்வாகம் ஒரு கூட்டம் வைத்திருந்தது. அண்ணியின் எலிக் காதுகளும் அங்கே வரும். ஆனாலும் கடைசியில் எடுபடப்போவது இவர் பேச்சுத்தான். மருந்தைப் பெற்றவர் இவர். எச்சரிக்கை போட்டால் போதும் என்று இவர் சொன்னால் நிர்வாகம் சந்தோஷமாகத் தலையாட்டும். பல வருஷம் செலவழித்தவர்களுக்குத் தலையாட்ட ஒரு சாக்குக் கிடைத்தால் போதாதா?

கூட்டத்துக்கு முந்தின நாள் விடுமுறை. இவர் காலையிலேயே செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். அக்காவோடு சண்டை, அதனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் குளியலறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சோப்பு கண்ணில் போய்விட்டது என்றார். நம்பினேன். என்னைப்போல ஒரு மடச்சி இருக்கமுடியாது.

மறுநாள் காலை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஆயுசில் முழுக்கைச் சட்டையை விரும்பிப் போடாத மனிதர்.

"இந்தப் பொத்தானைக் கொஞ்சம் போட்டு விடேன். கை வரமாட்டேங்குது."

மணிக்கட்டைப் பிடித்தேன். துடித்துப் பின்வாங்கினார். சட்டையைத் தள்ளிப் பார்த்தேன். முழங்கைவரை சிவந்து வீங்கி, நடுநடுவே நீர் கோத்திருந்தது.

"என்ன இது?"

"நேத்து மாடியில உக்காந்திருந்தேன்ல, இந்தக் கையை மட்டும் வெயில்ல நீட்டிக்கிட்டு."

"மாத்திரை தின்னுட்டா?"

"கொஞ்ச நாளா தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். அக்கா சொல்றது தப்புன்னு காட்டலாம்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் கோபம். பக்கத்தில் படுத்திருக்கும் என்னிடம்கூடச் சொல்லாமல் தன் கையை எடுத்துக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அது போதாதென்று இப்போது என்னைக்கொண்டே அதை மூடச் சொல்கிறார்.

"போடு, நேரமாச்சு" என்றார்.

"போடமாட்டேன்."

"எத்தனை வருஷ உழைப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒவ்வொரு குடுவையும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். காட்டத்தானே உக்காந்தீங்க? போய்க் காட்டுங்க. மூடிக்கிட்டுப் போறதுக்கு எதுக்கு வேகணும்?"

என்னைப் பார்த்தார். அடிக்கவருகிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வையும் இல்லை. என்னை அன்றுதான் புதிதாகப் பார்ப்பவர்போல இருந்தது. பிறகு சட்டைக் கையைத் தானே முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டார். துணி உரசியபோது பல்லைக் கடித்துக்கொண்டார். போய்விட்டார்.

கூட்டத்தில் நடந்ததை அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எலிக் காதுகளின் படங்களைப் பரப்பி வைத்திருந்த மேசையில் இவர் தன் கையையும் நீட்டி வைத்தாராம். இயக்குநர், "இது உங்க ஒருத்தரோட தோல்தானே?" என்று கேட்டாராம். "மூணு பேரோடது சார். மத்த ரெண்டு பேரையும் யாரும் கேக்கல" என்றாராம் இவர். நிறுத்துங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் அண்ணி தம்பியைத் திட்டத்தான் வாயைத் திறந்திருக்கிறார், திட்டு வரவில்லையாம். மருந்துப் பெட்டியை எடுத்து வந்து நடைபாதையிலேயே உட்காரவைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார். மாட்டுக்குப் போடுகிற கட்டு, ஆனால் நன்றாகவே போட்டிருந்தார்.

மாப்பிள்ளை அதோடு முடிந்தான். எட்டாவது இடத்தில் குளோரினுக்குப் பதிலாக ஆக்ஸிஜனும் கார்பனும் சேர்ந்த ஒரு சாதுவான அணுக்கூட்டத்தை வைத்து இவர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். வெயிலைக் கண்டால் அது ஒன்றும் செய்யாது. ஆனால் வேறு ஊர்களில், வேறு கூடங்களில் இருந்தவர்களும் அவரவர் கையைச் சுட்டுக்கொண்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் தொழில் தர்மம் போலிருக்கிறது. எங்கள் ஆட்கள் முடிப்பதற்குள் மற்றவர்கள் கடைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எட்டாம் இடத்தில் குளோரினோ ஃப்ளோரினோ இருந்தால் வெயில் ஆகாது என்று இப்போது பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது.

அதையெல்லாம் சொல்ல நான் இதை ஆரம்பிக்கவில்லை. கூட்டம் முடிந்த அதே வாரத்தில் இவர் அந்த ஓட்டுநரைப் பார்க்கவேண்டும் என்றார். கையில் கட்டு இருந்ததால் இவரையும் நான்தான் ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக் கூட்டிப்போனேன். ஓட்டுநர் கை ஆறி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. இவர் கட்டைப் பார்த்ததும், "என்ன சார், நீங்களும் பஸ் ஓட்ட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார்.

இவர் சிரிக்கவில்லை. "நீங்க சாப்பிட்ட மாத்திரையைச் செஞ்சது நான்தான். உங்க கை வெந்தது அதாலதான். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

ஓட்டுநர் அதைக் கையசைத்துத் தள்ளினார். "கை கெடக்குது சார். மூச்சு வந்துச்சே. அதுக்கு நான்தான் உங்களைத் தேடி வந்திருக்கணும்."

அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசல் பக்கம் வந்தார். "இவருக்குத் திரும்ப அந்த மாதிரி வந்துச்சுன்னா அதே மாத்திரை கிடைக்கும்தானே சார்? வேற எதுவும் கேக்கலைன்னு பெரிய டாக்டரே சொன்னாரு."

"கிடைக்காதும்மா. நிறுத்தியாச்சு."

"யாரு நிறுத்தினது?"

"நான்தான்."

அந்த அம்மாள் புரியாமல் கணவரைப் பார்த்தார். ஓட்டுநர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலாம் என்று எனக்குத் தோன்றியது.

"இதுக்காகவா சார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு ஓட்டியிருப்பேனே."

இவர் அந்த வீட்டில் குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். திரும்பி வரும் வழியில் என் தோளைப் பிடித்திருந்த அவருடைய நல்ல கை வீடு வந்த பிறகும் பிடியை விடவில்லை.